மண்ணில் விட்ட பாதி

நவமணி மூச்சு விடுவது சமையலறை வரைக்கும் கேட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் படுத்தால் அப்படித்தான். குறட்டை என்று சொல்லிவிட முடியாது, சொன்னால் அவள் ஒப்புக்கொள்ளவும் மாட்டாள், யாரோ அவசரமில்லாமல் இடியாப்பம் பிழிகிற மாதிரி ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு இழுப்பு. கல்யாணமான நாளிலிருந்து ஞானாதிக்கம் அந்தச் சத்தத்துக்குச் சரியான சொல் தேடிக்கொண்டிருக்கிறார், கிடைத்தபாடில்லை. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் அகராதிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து ஓய்வுபெற்ற மனிதருக்கு அது சின்னத் தோல்வியில்லை. ஆனால் இன்றைக்கு அவர் சொல் தேடவில்லை. அந்த நிறுத்தத்தின் நீளத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார், தன்னுடைய மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு. இழுப்பு வந்தது. சரி, தூங்குகிறாள், தூங்குகிறவள் தூங்கத்தான் செய்வாள், வெளியே கொடைக்கானல் மழை விட்டு யூகலிப்டஸ் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது, எல்லாம் நேற்று மாதிரியேதான் இருக்கிறது. மேஜைமேல் மடிக்கணினி திறந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் அவர் எழுதிவரும் "எர்ஷி பாட்டியின் அடுப்பு" தொடரின் புதுப் பத்தியைப் பக்கமாக்கி அனுப்பியிருந்தார்கள், பிழை பார்த்துத் தர. தலைப்பு: காளான் பாப்ரிகாஷ், இன்றைக்கு மத்தியானம் அவர் வைத்த அதே ஹங்கேரியக் குழம்பு. பத்து நிமிஷத்துக்கு முன்னால், வயிறு நிறைந்த சுகத்தில், ஒரு அரைப்புள்ளியைக் காற்புள்ளியாக்கலாமா என்ற மிக முக்கியமான கேள்வியோடு அவர் அந்த வாக்கியத்துக்கு வந்தார். "காளானைப் பிடுங்கக் கூடாது; கூரிய கத்தியால் மண்மட்டத்தில் அறுத்தெடுக்க வேண்டும்." அழகான வாக்கியம். பாட்டியின் எலும்புப் பிடி போட்ட கத்தியை நினைத்துக்கொண்டே எழுதியது. அரைப்புள்ளியே இருக்கட்டும் என்று அவர் முடிவுசெய்தபோது, கத்தியோடு சேர்ந்து வேறொன்றும் ஞாபகத்துக்கு வந்தது, ஒரு தகரத் தொட்டி, அதற்குள் ஒரு கூடைக் காளான் விழுகிற சத்தம், பொதபொதவென்று, ஈரத்துணி விழுவது போல. அந்தச் சத்தம் எங்கே கேட்டது என்று யோசித்தார். யோசித்திருக்கக் கூடாது.

அப்பா அந்தக் காலத்தில் உதவித்தொகையில் ஹங்கேரிக்கு எஞ்சினீயரிங் படிக்கப் போய், பட்டத்தோடு மார்த்தா என்றொரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு திரும்பியவர். அந்த மார்த்தாவின் அம்மாதான் எர்ஷி பாட்டி. ஞானாதிக்கத்துக்கு ஒன்பது வயதானபோது அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், அவரை ஒரு வருஷம் பாட்டியிடம் விட்டிருந்தார்கள், செகெட் என்ற ஊரில். ஊர் முழுக்க மிளகாய் வற்றலை மாலை மாலையாகக் கட்டிக் காயப்போட்டிருப்பார்கள், சாத்தான்குளத்துக்காரனுக்கு அது ஒன்றும் அதிசயமில்லை என்று அப்பா சொன்னதாகக் கேள்வி. அந்த ஒரு வருஷத்தை வைத்துத்தான் அவர் நான்கு வருஷமாகப் பத்தி எழுதுகிறார். வாசகர்களுக்கு அது தெரியாது, அவர்கள் நினைப்பது என்னவென்றால் இந்த மனிதர் அந்தச் சமையலறையிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று. அவரும் மறுத்ததில்லை. ஒன்பது வயதுப் பையனின் கண்ணுக்குக் கத்தி தெரிந்தது, கூடை தெரிந்தது, ஓக் மரத்தடியில் மண்டியிட்ட பாட்டியின் பாவாடை ஓரத்தில் ஒட்டிய சேறு தெரிந்தது. அப்புறம் சந்தை. சந்தையின் ஓரத்தில் ஒரு சின்ன மேஜை, மேஜைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டும் தடித்த கண்ணாடியும் போட்ட ஒரு பெண், மேஜைக்கு முன்னால் வரிசை. காட்டில் காளான் பறித்தவர்கள் யாராயிருந்தாலும் வீட்டுக்குப் போகிற வழியில் அந்தப் பெண்ணிடம் கூடையைக் காட்டிவிட்டுத்தான் போவார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிப் பார்த்துத் தலையசைப்பாள். காசு கிடையாது. பையனுக்கு அந்த வரிசை வெறும் அலுப்பு. பாவமன்னிப்புக்கு நிற்கிற வரிசை மாதிரிதான் அதை நினைத்திருந்தான். பாட்டி தன் ஆயுள் முழுக்கக் காளான் பறித்தவள், அந்தக் கண்ணாடிக்காரியைவிட இரண்டு மடங்கு வயது, இருந்தாலும் ஒவ்வொரு முறையும் நின்றாள். ஒருநாள் இவர்களுக்கு முன்னால் தொப்பி போட்ட ஒரு ஆள், கூடை நிறைய வெள்ளைக் காளான், ஒன்றில்கூட மண் இல்லை, எல்லாம் அடியில் ஒரே சீராக அறுத்தெடுத்தவை, கடைக்கண்ணாடியில் வைக்கலாம் அவ்வளவு லட்சணம். கண்ணாடிக்காரி ஒன்றை எடுத்துக் கவிழ்த்து அறுத்த இடத்தைப் பார்த்தாள். "மிச்சம் எங்கே?" என்றாள். அந்த ஆள் ஏதோ சொன்னான். அவள் கூடையை அப்படியே தூக்கி மேஜைக்கு அடியிலிருந்த தகரத் தொட்டியில் கவிழ்த்தாள். பொதபொதவென்று. அந்த ஆள் கத்தினான், தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். பாட்டி குனிந்து பையனின் காதில் சொன்னாள்: "பார்த்தியா, காலை வெட்டிட்டுக் கொண்டுவந்திருக்கான். மூஞ்சியை மட்டும் பார்த்து ஆள் யாருன்னு அவ எப்படிச் சொல்லுவா?" இந்தக் காட்சி முழுவதையும் ஞானாதிக்கம் பத்தியில் எழுதியிருந்தார். நல்ல பத்திதான். வார்த்தை வரம்பைத் தாண்டிவிட்டதால் போன வாரம் அவரே அதை நீக்கினார். எதையாவது நீக்கியாக வேண்டும் என்றபோது மிளகாய் மாலைகளை நீக்க மனம் வரவில்லை, "செம்பவளச் சரம்" என்ற உவமையை எப்படி விடுவது, வரிசையில் நிற்பதில் சமையல் எங்கே இருக்கிறது என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு அந்தப் பெண்ணையும் மேஜையையும் தொட்டியையும் ஒரே அழுத்தில் அழித்தார். அழித்தது மனதிலிருந்தும் போயிற்று போலிருக்கிறது, ஏனென்றால் இன்று காலை மழை விட்டதும் கூடையோடு பைன் காட்டுக்குப் போனபோது, தன் பத்தியில் தானே எழுதியிருந்தபடி, மண்டியிட்டு, கூரிய கத்தியால், மண்மட்டத்தில் அறுத்தார். பாட்டி கத்தியை என்ன செய்தாள்? இப்போதுதான் தெரிகிறது. மண்ணுக்குள் செருகி நெம்பினாள். அறுக்கவில்லை. முழுசாகத் தூக்கினாள், வேரோடு மண்ணோடு.

ஆனால் அதனால் என்ன. கொடைக்கானலில் வந்து குடியேறிய இந்த மூன்று மழைக்காலத்திலும் அவர் காளான் பறித்திருக்கிறார், சாப்பிட்டிருக்கிறார், இருவரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்கள். அவர் எப்போதும் பறிப்பது பழுப்புத் தொப்பி, மேலே வழுவழுவென்று கோந்து தடவினது போல, கவிழ்த்தால் அடியில் மடிப்புகள் இல்லை, பஞ்சு மாதிரித் துளைகள்தான் இருக்கும். அதில் குழப்பமே வராது, அதைத் தெரியாதென்று சொன்னால் தெரிந்ததென்று சொல்ல உலகத்தில் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் கூடையில் பெரும்பாலும் அதுதான். பெரும்பாலும். அந்தச் சொல்லின்மேல் அவர் மனம் வந்து இடித்துக்கொண்டு நின்றது. ஓரத்தில், பாதை வளைகிற இடத்தில், பைன் ஊசிகளைத் தள்ளிக்கொண்டு வெள்ளையாகச் சில நின்றன, நாலு, முட்டைக் குடையாக, அவ்வளவு சுத்தமாக. சிபெர்கே, என்றது மனம். பாட்டி புல்வெளியில் பறிக்கிற வெள்ளைக் காளான். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல் தானாக நாக்கில் வந்ததில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது, கலங்கின கண்ணோடு எவனாவது காளானைப் பார்ப்பானா. சிபெர்கே புல்வெளியில் அல்லவா வரும், பைன் மரத்தடியில் அதற்கு என்ன வேலை? வரலாம். வராதென்று எங்கே படித்தோம்? சிபெர்கேயின் மடிப்புகள் இளஞ்சிவப்பு, வயதானால் பழுப்பு. அச்சாக அதைப் போலவே இருக்கும் மற்றதன் மடிப்புகள் கடைசி வரை வெள்ளை. மற்றது என்று நினைத்துக்கொண்டார், அதன் பெயரைக்கூட நினைக்கவில்லை, ஹங்கேரியனில் அந்தப் பெயரில் கொலைகாரன் என்ற சொல் இருக்கிறது. இவை என்ன நிறம்? பலகையில் வைத்து அரிந்தாரே, கையில் பிடித்து, மெல்லிசாக, நாலையும். அப்போது பார்த்த நிறம் என்ன? இளஞ்சிவப்பு. நிச்சயமாக ஒரு இளஞ்சிவப்புச் சாயல். அப்படியா, அல்லது பக்கத்தில் இருந்த வெங்காயமா? இளஞ்சிவப்பு என்று சொல்லிப் பார்த்தால் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது, வெள்ளை என்று சொல்லிப் பார்த்தால் பால் மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது, நினைவு என்பது சொன்னதைச் செய்கிற வேலைக்காரனாகிவிட்டது, அதன் சாட்சியை எந்தக் கோர்ட்டும் ஏற்காது.

அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்தார். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சிவப்பு. வெங்காயம் சிவப்பு, தயிர் சிவப்பு, காளான் எந்தக் காளானாயிருந்தாலும் சிவப்பு. பாப்ரிகா மிளகாய்ப்பொடி போட்டால் அப்படித்தான், அடுப்பை அணைத்துவிட்டுப் போட வேண்டும், போட்ட உடனே தண்ணீர் விட வேண்டும், இல்லையென்றால் கருகிக் கசக்கும், இதை அவர் இதுவரை ஆறு பத்தியில் எழுதியிருக்கிறார். அதெல்லாம் சரியாகத்தான் செய்தார். இன்றைக்குப் பாப்ரிகாஷ் அற்புதமாக வந்திருந்தது. அதுதான் இப்போது உறுத்தியது. நவமணி இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள். அவருடைய ஹங்கேரியச் சமையலை அவள் இத்தனை வருஷமாக எலுமிச்சை ஊறுகாயின் துணையோடுதான் கடந்திருக்கிறாள், இன்றைக்கு ஊறுகாய் பாட்டிலைத் திறக்கவே இல்லை. "இன்னைக்குத்தான் உங்க குலாஷு வாய்க்கு வெளங்குது" என்றாள், சோற்றில் பிசைந்துகொண்டே. "குலாஷ் இல்லை நவமணி, பாப்ரிகாஷ். குலாஷ் என்பது சூப். மாடு மேய்க்கிறவர்கள்..." "மாடு மேய்க்கிறவங்க வெட்டவெளியில வைக்கிறது, தெரியும். கல்யாணமான மறுவாரத்துலேருந்து சொல்லுதீங்க." "அப்படியானால் ஏன் தப்பாகச் சொல்கிறாய்?" "நீங்க திருத்தணும்லா. இல்லேன்னா சாப்பாடு உங்களுக்குச் செரிக்காது." இதுதான் அவர்களுடைய சாப்பாட்டு ஜெபம் மாதிரி, அவள் குலாஷ் என்பாள், அவர் திருத்துவார், அவள் கண்ணைச் சிமிட்டாமல் அடுத்த கவளம் எடுப்பாள். நல்ல வெள்ளைத் துண்டுகளாகப் பார்த்துத்தான் அவளுக்குப் போட்டார். மெத்தென்று இருக்கும் என்று. தானும் சாப்பிட்டார், ஆனால் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் பழுப்பு, மறுபடி அந்தப் பெரும்பாலும். அந்த மற்ற காளான் ருசியாக இருக்குமாம். தப்பிப் பிழைத்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று எங்கோ படித்திருக்கிறார், எந்தப் புத்தகம், எந்த அலமாரி என்றுகூட ஞாபகம் வருகிறது, வேண்டாத இடத்தில் இந்த மூளை எவ்வளவு துல்லியமாக வேலை செய்கிறது. கசந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். கசந்திருந்தால் அவள் ஒரு வாயோடு தட்டைத் தள்ளியிருப்பாள்.

அலமாரியிலிருந்து கல்யாணத்துக்கு வந்த வெள்ளி ஸ்பூனை எடுத்துச் சட்டிக்குள் வைத்தார். விஷக் காளான் என்றால் வெள்ளி கறுக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது சுத்தப் பேத்தல் என்று அவரே ஒரு பத்தி முழுக்கக் கேலி செய்து எழுதி, ஒரு வாசகர் "ஐயா எங்கள் ஆச்சி சொன்னது பொய்யா" என்று வருத்தப்பட்டுக் கடிதம் போட, அவருக்கும் மூன்று மேற்கோளோடு பதில் எழுதி வாயடைத்தார். இப்போது அவரே குனிந்து ஸ்பூனையே பார்த்துக்கொண்டு நின்றார். கறுக்கவில்லை. ஒரு கணம் நெஞ்சு லேசானது. அடுத்த கணம் அந்த மூன்று மேற்கோளும் வரிசையாக வந்து நின்றன. தன்னோடு வாதாடித் தோற்பதற்கு இவ்வளவு படித்திருக்க வேண்டியதில்லை. உள்ளே சத்தம் நின்றது. ஸ்பூனைப் போட்டுவிட்டு ஓடினார், அதாவது அவர் வயதில் ஓட்டம் என்று எதைச் சொல்வார்களோ அது. அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், கன்னத்துக்கடியில் கை, போர்வை தோள் வரை. இழுப்பு வந்தது. நெற்றியில் வேர்வை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. இருக்காது, இப்போது இருக்காது, இந்த நாசமாய்ப் போன விஷயத்தின் சூழ்ச்சியே அதுதான். சாதாரணக் கெட்ட காளான் என்றால் உடனே வாந்தி வரும், கக்கிவிட்டுப் பிழைத்துக்கொள்ளலாம். இது ராத்திரி வரை ஒன்றும் சொல்லாது. பாட்டி வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு குடும்பம். பாட்டி வெங்காயம் அரிந்துகொண்டே யாரிடமோ சொன்னதைப் பையன் மேஜைக்கு அடியில் இருந்து கேட்டான். இரவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்களாம். மறுநாள் எல்லாம் சரியாகிவிட்டதாம். பசிக்கிறது என்று எழுந்து வந்து சூப் வைத்தார்களாம், அக்கம்பக்கத்தில் சிரித்துப் பேசிக்கொண்டு இருந்தார்களாம். "பசியோட எழுந்தாங்க" என்று பாட்டி இரண்டு தடவை சொன்னாள். அந்த வாரக் கடைசிக்குள் நாலு சவப்பெட்டி. உள்ளே ஈரல் கரைந்துகொண்டிருப்பது சிரிப்பவர்களுக்குத் தெரியாது. ஒன்பது வயதில் அது ஏதோ பேய்க்கதை மாதிரிப் பட்டது, கொஞ்ச நாள் பசி எடுத்தாலே பயந்தான்.

எழுப்ப வேண்டும். இப்போதே எழுப்பி, வத்தலக்குண்டுக்கோ மதுரைக்கோ, எத்தனை வளைவு இறங்க வேண்டும், மூடுபனி வேறு. எழுப்பி என்ன சொல்வது? இங்கேதான் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. போன வருஷம் அவளுடைய அக்கா சாத்தான்குளத்திலிருந்து கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயின் மூடி லேசாக உப்பியிருந்ததைப் பார்த்து, கொடிய கிருமி, நரம்பை முடக்கும், ஒரு சொட்டுப் போதும் என்று லத்தீன் பெயரெல்லாம் சொல்லி, அவள் ஒரு துண்டு தின்றுவிட்டாள் என்று தெரிந்ததும் அர்த்தராத்திரியில் டாக்டரை எழுப்பி, கடைசியில் அது வெயிலில் புளித்த வாயு. டாக்டர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை நவமணி இன்றும் நடித்துக் காட்டுவாள். ஊறுகாயைக் குழி வெட்டிப் புதைத்தார்களே, அந்த இடத்தில் ரோஜா வைத்திருக்கிறாள், வருகிறவர்களிடம் "இது எங்க வீட்டு ஊறுகாய் கல்லறை" என்பாள். மறுபடி அப்படி ஒன்றா? நிச்சயமில்லாமல் எப்படிச் சொல்வது? நிச்சயமாகத் தெரிந்தால் சொல்லிவிடலாம். ஆனால் நிச்சயமாகத் தெரிவது அவளுடைய நெற்றியில் வேர்வையாகத்தான் தெரியும். அவர் வாழ்க்கையில் எத்தனையோ முறை "எனக்கு நிச்சயமாகத் தெரியும்" என்று சொல்லியிருக்கிறார், குலாஷைப் பற்றி, அரைப்புள்ளியைப் பற்றி, ஊறுகாயைப் பற்றி. தெரியாது என்று சொல்ல வேண்டிய ஒரு வேளை வந்தபோது அதற்கு வாய் திறக்கிற பழக்கமே இல்லை என்று கண்டார். மிச்சம் எங்கே, என்றாள் கண்ணாடிக்காரி. மேஜைக்கு முன்னால் நிற்பது தொப்பிக்காரனில்லை, அவர்தான், கூடை நிறைய மூஞ்சிகளோடு. மிச்சம் காட்டில் இருக்கிறது அம்மா. மண்ணுக்குள் இருக்கிறது. மற்றதென்றால் அடியில் ஒரு பை இருக்கும், கிண்ணம் மாதிரி. சிபெர்கே என்றால் ஒன்றும் இருக்காது, வெறும் கால். இவ்வளவுதான் வித்தியாசம், அதைத்தான் அறுத்து அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார், அடுத்த மழைக்கு முளைக்கட்டும் என்று.

ஸ்வெட்டர்கூடப் போடாமல் கிளம்பினார், கையில் வெள்ளி ஸ்பூனும் ஒரு எவர்சில்வர் டப்பாவும். மேட்டுப் பாதை ஏறும்போது இடது முழங்கால் வழக்கம்போலக் குறை சொன்னது, அதை அவர் கேட்கவில்லை. வயிற்றில் ஏதோ சுருண்டது, இதுதானா, இல்லை, இது ஓட்டம், இது பயம், பயத்துக்கும் வயிறுதான் வீடு. அவளைத் தனியாக விட்டுவிட்டு வந்திருக்கிறோமே. மூடுபனி மரங்களுக்கு நடுவில் வந்து நின்றது, பால் பாத்திரம் கவிழ்ந்தது போல என்று ஒரு உவமை வந்தது, அதை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. கர்த்தாவே, கால் மட்டும் இருக்கட்டும், வெறும் கால், பையில்லாத கால். ஜெபத்தில்கூடத் துல்லியம். வளைவு வந்தது. அந்த இடம் என்று நினைத்த இடத்தில் ஒன்றும் இல்லை, பைன் ஊசி எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான் கிடக்கிறது, இந்த மரமா அடுத்த மரமா, காலையில் கண் கலங்கிய இடம் எது? பிறகு பார்த்தார், ஊசிகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு வட்டம், காசு அளவு, அவருடைய கத்தி விட்டுப்போன சுத்தமான வெட்டு. பக்கத்தில் இன்னொன்று. மண்டியிட்டார். ஸ்பூனை ஒட்டினாற்போல் செருகினால் வெட்டிவிடுமே என்று தள்ளிச் செருகினார், பாட்டி செய்த மாதிரி, நெம்பினார். மண் ஈரமாக, சுலபமாக இளகிக் கொடுத்தது. காளானின் அடி உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. ஊசியையும் மண்ணையும் விரலால் தள்ளினார், மெதுவாக, தள்ளத் தள்ள இன்னும் கொஞ்சம் மண் இருந்தால் தேவலை என்று. செகெட்டில் தினமும் காலையில் பாட்டி அவித்த முட்டையை ஒரு சின்னப் பீங்கான் கிண்ணத்தில் நிற்கவைத்துத் தருவாள், மேல் ஓட்டை மட்டும் ஸ்பூனால் தட்டி உடைத்து. உடைந்த விளிம்பு கோணல்மாணலாக மேலே நிற்கும். அதுதான் இது. ஓடு மாதிரி மெல்லிசான வெள்ளைப் பை, விளிம்பு கிழிந்து, அதற்குள் காளானின் கால் ஒட்டாமல், ஒரு விருந்தாளி மாதிரி நின்றுகொண்டிருந்தது. அடுத்ததையும் தோண்டினார். மூன்றாவதையும். நான்காவதைத் தோண்டும்போது அவசரத்தில் ஸ்பூன் பட்டுப் பை கிழிந்தது, இருந்தும் அது பைதான்.

திரும்பி வந்தது எப்படி என்று அவருக்குத் தெரியாது. பின்கட்டு வீட்டு ஜீப்காரர் செபஸ்தியானை வாசலில் நின்றே கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொன்னதும், சட்டியில் மிச்சமிருந்ததை ஒரு டம்ளரில் வழித்து மூடியதும், பத்திரிகையின் துணையாசிரியை சுடரொளிக்கு "காளான் பத்தியை நிறுத்துங்கள், தவறு இருக்கிறது" என்று செய்தி அனுப்பியதும் அவர்தான், ஆனால் வேறு யாரோ செய்த மாதிரி இருந்தது. கட்டிலருகே வந்து நின்றார். "நவமணி." இழுப்பு நின்றது. "ம்? டீ போட்டீங்களா?" "எழுந்திரு." அவர் குரலில் என்ன இருந்ததோ, அவள் உடனே எழுந்து உட்கார்ந்தாள். முழங்கால் வரை சேறு, தலையில் பைன் ஊசி, கையில் டப்பா. "என்னங்க இது கோலம்? யாரைப் பொதைச்சிட்டு வாரீங்க?" அவர் டப்பாவைத் திறந்து காட்டினார். "முட்டையா?" என்றாள். "மத்தியானம் சாப்பிட்ட காளானோட அடி. நான் பார்க்காமல் அறுத்துட்டேன். இது கூடாதது. ஆஸ்பத்திரிக்குப் போகணும், இப்பவே, ஒண்ணும் தெரியறதுக்கு முந்தியே போகணும்." அவள் டப்பாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். உதட்டோரத்தில் அந்த டாக்டரின் சிரிப்பு எட்டிப்பார்த்தது. "அடுத்த கல்லறையா? இன்னொரு ரோஜா வாங்கணும் அப்போ." அவர் டப்பாவை மூடினார். "நெசமாத் தெரியுமா உங்களுக்கு?" "தெரியாது" என்றார். "எனக்குத் தெரியாது நவமணி. தெரிஞ்சவங்ககிட்டக் காட்டணும்." அவள் போர்வையை விலக்கினாள். பிறகு இறங்கி, கொண்டையை முடிந்து, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, அவருடைய ஸ்வெட்டரையும் எடுத்து அவர் தோளில் போட்டு, காஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்து, கதவைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு ஜன்னலில் வைத்தாள், ஊருக்குப் போகும்போது எப்போதும் செய்கிற மாதிரியே. ஜீப்பில் ஏறும்போது சொன்னாள்: "எனக்கு வயித்துல ஒண்ணுமே இல்லைங்க. சொல்லப்போனாப் பசிக்கக்கூடச் செய்யுது."

பசி. அது இப்போதைய பசி, அந்தப் பசி இல்லை, அந்தப் பசி மறுநாள் வரும், கணக்குப்படி இது வெறும் சாயங்காலப் பசிதான் என்று அவருடைய புத்தி பொறுமையாக எடுத்துச் சொன்னது, அவருடைய கைகள் அதைக் கேட்காமல் டப்பாவை இறுக்கிக்கொண்டன. ஜீப் ஏரிச்சாலையைத் தாண்டி இறங்கத் தொடங்கியது. விளக்குப் போட்டும் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. "மெதுவாப் போப்பா செபஸ்தியான்" என்றாள் நவமணி, "இவுக அவசரப்படுதாங்கன்னு நீயும் பறக்காதே. வளைவுல எனக்குக் கொமட்டும்." குமட்டும் என்ற சொல்லுக்கு அவர் திரும்பிப் பார்த்தார். "வண்டியில எனக்கு எப்பவும் வாரதுதான், அப்படி முழிக்காதீங்க." அவர் மறுபடி டப்பாவைப் பார்த்துக்கொண்டார். பாட்டி கூடையை இப்படித்தான் மடியில் வைத்துக்கொண்டு டிராமில் உட்கார்ந்திருப்பாள், இரண்டு கையாலும் பிடித்து, மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டு. அந்த மேஜைக்கு வேறு எந்த எண்ணமும் இல்லாமல் போய்க்கொண்டிருப்பாள். கேட்டுத் திரும்பினால் வீட்டில் வெங்காயம் காத்திருக்கும், அவ்வளவுதான் அதில், வெட்கமும் இல்லை பெருமையும் இல்லை. இந்த மலையில் அந்த மேஜை எங்கே இருக்கிறது, இறங்கிக்கொண்டே இருந்தால் வருமா, வரிசையில் நமக்கு முன்னால் எத்தனை பேர்? சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சுடரொளி. "சரி சார், எந்த இடத்துல கமா?" அவர் பெரிய எழுத்தாக்கி மறுபடி படித்தார். எல்லா இடத்திலும், என்று தட்டி, அதை அழித்து, "முழுக்கத் தவறு. போடவே கூடாது" என்று அனுப்பினார். ஜீப் ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. நவமணியின் தோள் அவர்மேல் சாய்ந்து நிமிர்ந்தது. அவள் அவரைக் கடைக்கண்ணால் பார்ப்பது தெரிந்தது. அவளுக்கு இதுவும் இன்னொரு ஊறுகாய்தான். இன்றைக்கும் ஒரு கதை கிடைத்து அதை நாளைக்கு நடித்துக் காட்ட வேண்டும், அதற்கு அவர் முதலில் பழைய ஞானாதிக்கமாக வேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு. "எது எப்படியோ" என்றாள், குரலை வேண்டுமென்றே லேசாக்கிக்கொண்டு, "உங்க குலாஷு இன்னைக்குத்தான் குலாஷு மாதிரி இருந்துச்சு." சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அவர் வாயைத் திறந்தார். பாப்ரிகாஷ் என்ற சொல் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது, மாடு மேய்க்கிறவர்களும் வெட்டவெளியும் அதற்குப் பின்னால் வரிசையாக வந்து நின்றார்கள், இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடத் தவறாமல் வந்தவர்கள். அவர் வாயை மூடிக்கொண்டார். வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. அவள் இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு அவள் கை வந்து டப்பாவின் மேல், அவர் கையின் மேல் இறங்கியது, சில்லென்று.

"செபஸ்தியான்" என்றாள் நவமணி, "கொஞ்சம் வேகமாப் போப்பா."